சாவிக்குள் மூன்று சாவி

எங்கள் குடியிருப்பில் யாருடைய கார் சாவி மக்கர் பண்ணினாலும் அது எப்படியோ என் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்துவிடுகிறது. நான் மெக்கானிக் இல்லை. தட்டை முனை ஸ்க்ரூடிரைவர் ஒன்றும், டிராயரில் நாலைந்து பட்டன் பேட்டரியும், கொஞ்சம் பொறுமையும் வைத்திருப்பவள், அவ்வளவுதான். சாவியை நீட்டுகிறவர்கள் கூடவே மூன்று பயத்தையும் நீட்டுவார்கள். "கழட்டினா கோடிங் போயிடுமாமே?" "சர்வீஸ் சென்டர்லதான் மாத்தணுமாமே?" "இது செத்துட்டா வண்டியே ஸ்டார்ட் ஆகாதாமே?"

மூன்றுக்கும் ஒரே பதில்தான்: அப்படியெல்லாம் இல்லை. ஆனால் வெறுமனே வாயால் சொன்னால் யாரும் நம்புவதில்லை. கூட்டைத் திறந்து, உள்ளே எது எதற்கு என்று காட்டினால்தான் முகம் தெளிகிறது.

உள்ளே யார் யார்?

பார்க்க ஒரே சாவி. ஆனால் அந்தக் கூட்டுக்குள் மூன்று சாவிகள் தனித்தனிக் குடித்தனம் நடத்துகின்றன.

முதலாவது, நம் தாத்தா காலத்து உலோகச் சாவியேதான். மடக்குச் சாவி என்றால் பொத்தானை அமுக்கியதும் வெளியே பாயும். பட்டன் ஸ்டார்ட் கார்களின் ஸ்மார்ட் கீயில் அது உள்ளே செருகியிருக்கும். ஓரத்தில் இருக்கும் சின்னத் தாழ்ப்பாளைத் தள்ளினால் உருவி எடுக்கலாம். கார் வாங்கி வருஷக்கணக்கில் ஆகியும் இப்படி ஒன்று இருப்பதே தெரியாதவர்கள் ஏராளம்.

இரண்டாவது, இம்மொபிலைசர் சிப். எஞ்சினைக் கிளப்ப அனுமதி கொடுப்பது இதுதான். கார் திருட்டைத் தடுக்க ஐரோப்பிய ஒன்றியம் 1995-ல் விதி கொண்டுவந்து, 1998 முதல் புதிய கார்களில் இதைக் கட்டாயமாக்கியது. இன்று நம் ஊர்க் கார்களிலும் சர்வசாதாரணம். இந்தச் சிப்புக்குப் பேட்டரியே தேவையில்லை. இக்னிஷன் துவாரத்தைச் சுற்றியோ, ஸ்டார்ட் பட்டனுக்குப் பின்னாலோ ஒரு கம்பிச் சுருள் இருக்கும். சாவி நெருங்கியதும் அந்தச் சுருளின் காந்தப்புலத்திலிருந்தே சிப் தனக்கு வேண்டிய மின்சாரத்தை எடுத்துக்கொண்டு, "நான்தான்" என்று அடையாளம் சொல்லும். மெட்ரோ ரயிலில் பயண அட்டையை வாயிலில் காட்டுகிறோமே, அதே தத்துவம்.

மூன்றாவதுதான் ரேடியோ. பொத்தானை அமுக்கினால் ஒரு சங்கேதம் காற்றில் போகும். இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் பெரும்பாலும் 433.92 மெகாஹெர்ட்ஸ், அமெரிக்காவிலும் ஜப்பானிலும் 315. ஸ்மார்ட் கீ என்றால் பொத்தானைக்கூட அமுக்க வேண்டாம். கதவுக் கைப்பிடியைத் தொட்டதும் கார் தாழ்ந்த அலைவரிசையில், ஏறத்தாழ 125 கிலோஹெர்ட்ஸில், "யாரது?" என்று கூப்பிடும். பையில் தூங்கும் சாவி விழித்துக்கொண்டு ரேடியோவில் பதில் சொல்லும். பட்டன் பேட்டரி சோறு போடுவது இந்த மூன்றாவது ஆளுக்கு மட்டும்தான்.

ஆக, பேட்டரி தீர்ந்தால் மூவரில் ஒருவர்தான் படுத்துக்கொள்கிறார். கதவைத் திறக்க உலோகம் இருக்கிறது. வண்டியைக் கிளப்ப சிப் இருக்கிறது.

குற்றாலத்திலிருந்து ஒரு போன்

போன சீசனில் தம்பி குடும்பத்தோடு குற்றாலம் போயிருந்தான். ஐந்தருவியில் குளித்து முடித்துவிட்டு பார்க்கிங்கிலிருந்து கூப்பிட்டான்.

"அக்கா, காரு தொறக்க மாட்டேங்குது. ரிமோட் செத்துப் போச்சு. பிள்ளைங்க ஈரத்தோட நிக்குதுங்க."

"சாவி ஓரத்துல தள்ளுற மாதிரி சின்னதா ஒண்ணு இருக்கா பாரு. அதைத் தள்ளிக்கிட்டே வளையத்தைப் பிடிச்சு இழு."

"அட, உள்ள சாவி இருக்கு! ஆனா கதவுல ஓட்டையே இல்லியே?"

டிரைவர் பக்கக் கைப்பிடியின் கடைசியில் ஒரு பிளாஸ்டிக் மூடி, அதற்குப் பின்னால்தான் துவாரம். சில கார்களில் துவாரம் வெளியே தெரியும், சிலவற்றில் இப்படி மறைந்திருக்கும். மூடியின் அடியில் இருக்கும் சந்தில் சாவி நுனியைக் கொடுத்து மெதுவாக நெம்பச் சொன்னேன். மூடி வந்தது. சாவி திரும்பியது. கதவைத் திறந்த மறுநொடி கார் ஊரைக் கூட்ட ஆரம்பித்தது.

"அக்கா! எல்லாரும் திரும்பிப் பாக்குறாங்க. திருட்டுப் பயன்னு நினைக்கப் போறாங்க!"

"நினைச்சா நினைச்சுட்டுப் போறாங்க. உள்ள உக்காரு. பிரேக்கை மிதி. ஸ்டார்ட் பட்டனை விரலால அமுக்காத, சாவியாலயே அமுக்கு."

எஞ்சின் கிளம்பியது, அலாரம் வாயை மூடியது.

ரிமோட்டில் பூட்டிய காரை உலோகச் சாவியால் திறந்தால் பல கார்களில் இப்படித்தான் அலறும். பழுது இல்லை, அதன் சுபாவமே அதுதான். பூட்டை நெம்பித் திறப்பவனுக்கும் உங்களுக்கும் காருக்கு அந்த நொடியில் வித்தியாசம் தெரியாது. சிப்பைப் பார்த்து ஆளை அடையாளம் கண்டதும் அடங்கிவிடும். இந்த அரை நிமிஷ ஆர்ப்பாட்டம் தெரியாததால்தான் பலர் கதவைத் திறந்த கையோடு பயந்து மூடிவிட்டு, ரோட்டோர உதவிக்குப் போன் போடுகிறார்கள்.

சாவியை எங்கே காட்டுவது என்பது காருக்குக் கார் மாறும். தம்பி காரில் பட்டன் மேலேயே. டொயோட்டாவில் சாவியின் சின்னம் பொறித்த பக்கத்தைப் பட்டனில் காட்டிவிட்டு, பிறகு பட்டனை அமுக்க வேண்டும். சில ஐரோப்பியக் கார்களில் ஸ்டீயரிங் தண்டின் ஓரத்தில் ஒரு குறி இருக்கும். இன்னும் சிலவற்றில் சாவி வைக்கவென்றே தனிக் குழி. மேனுவலில் ஒரே பக்கம்தான், படத்தோடு இருக்கும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஓடிக்கொண்டிருக்கும்போது சாவி பேட்டரி தீர்ந்தால் வண்டி நடுவழியில் நின்றுவிடாது. சாவியைக் காணோம் என்று டேஷ்போர்டு புலம்பும், அவ்வளவுதான். ஆனால் வழியில் டீக்கடையில் நிறுத்தி அணைத்தால், மறுபடி கிளப்பச் சாவியைப் பட்டனில் காட்ட வேண்டியிருக்கும்.

கோடிங் பயம்

எதிர்வீட்டு மாமா ஒரு சர்வீஸ் சென்டரில் சாவியைக் கொடுத்திருக்கிறார். "பேட்டரி மாத்தினா புரோகிராமிங் பண்ணணும் சார்" என்று நாலு இலக்கத்தில் ஒரு தொகையைச் சொல்லியிருக்கிறார்கள். மனிதர் சாவியைத் திருப்பி வாங்கிக்கொண்டு நேரே இங்கே வந்துவிட்டார்.

கார் ரிமோட் அனுப்பும் சங்கேதம் ஒவ்வொரு அமுக்கலுக்கும் மாறும். நேற்று யாரோ ஒட்டுக் கேட்டுப் பதிவு செய்த சங்கேதத்தை இன்று திருப்பி அனுப்பினால் கதவு திறக்கக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. இதில் பேர் பெற்ற முறை கீலாக். 1980-களில் தென்னாப்பிரிக்காவின் நானோடெக் நிறுவனத்தில் பிறந்து, 1995-ல் அமெரிக்காவின் மைக்ரோசிப் நிறுவனத்தின் கைக்குப் போனது. சாவியிலும் காரிலும் ஒரே ரகசிய எண். கூடவே ஒரு கணக்கு, அதாவது இதுவரை எத்தனை முறை அமுக்கியாயிற்று என்பது. அந்த ரகசியமும் கணக்கும் இருப்பது மின்சாரம் இல்லாமலே நினைவை வைத்திருக்கும் சில்லில். பேட்டரியைக் கழற்றி ஒரு வாரம் மேசையில் போட்டு வைத்தாலும் அழியாது.

சாவியைக் குழந்தை கையில் கொடுத்து, அது எங்கோ உட்கார்ந்து சும்மா அமுக்கித் தள்ளினாலும் கணக்கு முன்னே ஓடுமே? அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். சாவியின் கணக்கு கொஞ்சம் முன்னே போயிருந்தால் கார் கண்டுகொள்ளாது. நிறையப் போயிருந்தால் அடுத்தடுத்து இரண்டு முறை அமுக்கினால் பிடித்துக்கொள்ளும். ஏதோ சில பழைய மாடல்களில் மட்டும் பேட்டரி மாற்றிய பிறகு இக்னிஷனை ஆன் செய்து ஒரு பொத்தானை அமுக்கச் சொல்வார்கள். அதற்கும் கம்ப்யூட்டர் தேவையில்லை.

புரோகிராமிங் என்பது சாவி தொலைந்து புதுச் சாவி வாங்கும்போது செய்கிற வேலை. பேட்டரிக்கும் அதற்கும் ஸ்நானப்பிராப்தி இல்லை.

பேட்டரிதானா?

கையை வைக்கும் முன் குற்றவாளி யாரென்று பார்த்துக்கொள்ளுங்கள். முன்பெல்லாம் தெருமுனையிலிருந்து திறந்த கார், இப்போது பக்கத்தில் போனால்தான் திறக்கிறது. ஒரு அமுக்கலுக்குப் பதில் மூன்று தேவைப்படுகிறது. ஊட்டி, கொடைக்கானல் குளிரில் காலையில் திறக்க மாட்டேன் என்கிறது, மத்தியானம் ஒழுங்காகத் திறக்கிறது. இதெல்லாம் பேட்டரி. குளிரில் பேட்டரியின் உள்தடை ஏறும், அதனால் சாகக் கிடக்கும் பேட்டரி முதலில் மலையில்தான் காலை வாரும்.

பூட்டுகிறது, ஆனால் திறக்கவில்லை என்றால் பேட்டரியைத் திட்டாதீர்கள். ஒரு பொத்தான் மட்டும் வேலை செய்யாவிட்டால் அந்தப் பொத்தானுக்கு அடியில் இருக்கும் சுவிட்ச் தேய்ந்திருக்கும். ஸ்பேர் சாவிக்கும் கார் மசியவில்லை என்றால் காரின் பெரிய பேட்டரியைப் பாருங்கள். வீட்டில் நன்றாக இருந்து குறிப்பிட்ட ஒரு பார்க்கிங்கில் மட்டும் அடம்பிடித்தால், பக்கத்தில் அதே அலைவரிசையில் வேறு ஏதோ இரைச்சல் போடுகிறது.

மல்டிமீட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கழற்றிய பேட்டரி 2.9 வோல்ட் காட்டினால் நல்லது என்று திருப்பி மாட்டாதீர்கள். லித்தியம் பட்டன் பேட்டரி கடைசி வரை மூன்று வோல்ட் பக்கத்திலேயே நின்று, பிறகு சட்டென்று விழும். சும்மா அளக்கும்போது கெத்தாக இருப்பது, ரேடியோ மின்சாரம் கேட்கும் நொடியில் மண்டியிடும்.

கடையில்

பழைய பேட்டரியின் முதுகில் இருக்கும் எண்ணைப் பார்த்து வாங்குங்கள். பெரும்பாலான சாவிகளில் சிஆர் 2032. சிலவற்றில் 2025, 1632, 1620. அந்த எண்ணிலேயே அளவு இருக்கிறது. 20 என்றால் 20 மில்லிமீட்டர் விட்டம், 32 என்றால் 3.2 மில்லிமீட்டர் தடிமன். ஆர் என்றால் வட்டம், சி என்றால் லித்தியம்–மாங்கனீசு டைஆக்சைடு. எல்லாமே 3 வோல்ட்தான். அதனால்தான் கடைக்காரர் "2025 இல்லைங்க, 2032 போட்டுக்கோங்க, ஒண்ணுதான்" என்பார். ஒன்று இல்லை. தடித்ததை ஒல்லியான இடத்தில் அமுக்கினால் உள்ளே இருக்கும் தகட்டுக் கொக்கி வளையும். ஒல்லியானதைத் தடித்த இடத்தில் வைத்தால் குலுக்கலில் தொடர்பு விடும். அலுமினியத் தாளை மடித்து அடியில் வைத்து நிரவிய ஒரு சாவி என்னிடம் வந்தது. அந்தத் தாள் கொஞ்சம் நகர்ந்து இரண்டு முனையையும் தொட்டால் ஷார்ட்தான்.

எல்ஐஆர் 2032 என்று ஒன்று விற்கும். அச்சு அசல் அதே உருவம், ரீசார்ஜ் செய்யலாம். ஆனால் முழு சார்ஜில் 4.2 வோல்ட். மூன்று வோல்ட்டுக்குச் செய்த சாவியில் அதைப் போடாதீர்கள்.

நல்ல கம்பெனி பேட்டரி நூறு ரூபாய்க்குள் கிடைக்கிறது. வாட்ச் கடையில் டப்பாவிலிருந்து அள்ளிக் கொடுப்பதை வாங்காமல், தனித்தனியாக அட்டையில் ஒட்டியதை, தேதி பார்த்து வாங்குங்கள். குழந்தைகள் வாயில் வைக்காமல் இருக்கச் சில கம்பெனிகள் பேட்டரி மேல் கசப்புப் பூச்சு தருகிறார்கள். நல்ல விஷயம். சில கருவிகளில் அந்தப் பூச்சே தொடர்பை மறிப்பதும் உண்டு. புதுப் பேட்டரி போட்டும் உயிர் வரவில்லை என்றால், கொக்கி தொடும் இடத்தில் மட்டும் சானிட்டைசர் நனைத்த துணியால் துடைத்து, காய்ந்ததும் போட்டுப் பாருங்கள்.

மேசை மேல்

வெளிச்சம் நல்லாயிருக்கும் இடத்தில், ஒரு வெள்ளைத் துணி விரித்து உட்காருங்கள். எது தெறித்தாலும் கண்ணில் படும்.

முதலில் உலோகச் சாவியை உருவுங்கள். பெரும்பாலான ஸ்மார்ட் கீக்களில் அது இருந்த இடத்தில்தான் கூட்டைத் திறக்கும் சந்து தெரியும். ஸ்க்ரூடிரைவர் முனையில் ஒரு சுற்று இன்சுலேஷன் டேப் ஒட்டி, சந்தில் வைத்துத் திருகுங்கள். நெம்பாதீர்கள், திருகுங்கள். நெம்பினால் பிளாஸ்டிக் ஓரம் வெள்ளையாகக் கீறிக்கொண்டு, அதற்கு அப்புறம் கூடு சரியாக மூடாது. ஒரு இடத்தில் 'டக்' என்று விட்டதும் பழைய ஏடிஎம் கார்டை உள்ளே செருகிச் சுற்றிலும் ஓட்டினால் மீதிக் கொக்கிகள் தானே விடும். மடக்குச் சாவிகளில் பின்பக்கம் வட்ட மூடியோ, சின்ன ஸ்க்ரூவோ இருக்கும். எதுவுமே கண்ணில் படவில்லை என்றால் பலத்தைக் காட்டாமல் மேனுவலைப் பாருங்கள்.

திறந்ததும் எதையும் தொடாமல் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிளஸ் குறி மேலே பார்க்கிறதா, கீழே பார்க்கிறதா என்று சாவிக்குச் சாவி மாறும். கழற்றியபின் யோசித்தால் நினைவுக்கு வராது.

பழைய பேட்டரியை எடுக்க இரும்பை உபயோகிக்காதீர்கள், ஈர்க்குச்சி போதும். கூட்டில் ஒரு ஓரம் மட்டும் திறந்தாற்போல் இருக்கும், அந்தப் பக்கத்திலிருந்து கொடுத்தால் துள்ளி வரும். எதிர்ப்பக்கத்திலிருந்து குத்தினால் மெல்லிய தகடு வளையும். தகட்டில் பச்சை படிந்திருந்தால் துணியால் துடைத்துவிடுங்கள். புதியதை ஓரத்தில் பிடித்து, கொக்கிக்கு அடியில் சாய்த்து நுழைத்து, மறு ஓரத்தை அமுக்கினால் உட்கார்ந்துவிடும்.

பழைய மாடல் சாவிகளிலும், கூடு மாற்றிய சாவிகளிலும் ஒரு விஷயத்தில் கவனம். இம்மொபிலைசர் சிப் பலகையில் பற்றவைக்காமல், அரை அங்குல நீளக் கறுப்புக் கட்டியாகத் தனியே ஒரு பள்ளத்தில் கிடக்கும். பார்த்தால் உடைந்த பிளாஸ்டிக் துண்டு என்று தோன்றும். சாவிக் கடையில் கூடு மாற்றும்போது அதைப் பழைய கூட்டோடு குப்பையில் போட்டுவிட்டு, "கதவு திறக்குது, வண்டி மட்டும் கிளம்ப மாட்டேங்குது" என்று அலைந்தவர்கள் உண்டு. மூவரில் இரண்டாமவர் அவர்தான் என்று தெரிந்தால் இந்த அலைச்சல் இல்லை.

ரப்பர் பட்டியை அதன் தடத்தில் உட்கார வைத்து, சுற்றிலும் விரலால் அழுத்தி மூடுங்கள். அந்தப் பட்டிதான் வியர்வையையும் மழையையும் தடுப்பது. ஓரிடத்தில் பிதுங்கியிருந்தாலும் திறந்து மறுபடி மூடுங்கள்.

சீக்கிரம் ஏன் தீர்கிறது?

சிஆர் 2032-ல் ஏறத்தாழ 220 மில்லி ஆம்பியர்-மணி கொள்ளளவு. மூன்று வருஷம் வர வேண்டுமென்றால் சராசரியாக எட்டு மைக்ரோ ஆம்பியருக்கு மேல் செலவழிக்கக் கூடாது. அவ்வளவு சிக்கனமாக வாழும் பிராணி அது. அதைப் போர்ட்டிகோவில் நிற்கும் காருக்குப் பக்கத்துச் சுவரிலேயே ஆணியடித்து மாட்டினால், காரின் கூப்பாட்டுக்கு அது பதில் சொல்லிக்கொண்டே இருக்க நேரும். சாவியை உள்ளறையில் வையுங்கள். டிவி, கம்ப்யூட்டர், போன் சார்ஜர் பக்கத்திலும் வேண்டாம், அந்த இரைச்சலும் அதன் தூக்கத்தைக் கெடுக்கும். உள்ளறையில் வைப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. வாசல் சுவரில் தொங்கும் சாவியின் சிக்னலை வெளியிலிருந்து நீட்டித்துக் காரைத் திறக்கும் திருட்டு முறை உலகம் முழுக்க நடக்கிறது.

பிள்ளைகள் இருக்கும் வீட்டில்

இதில் மட்டும் விளையாட்டு இல்லை. 20 மில்லிமீட்டர் பட்டன் பேட்டரியைச் சின்னக் குழந்தை விழுங்கினால் உணவுக்குழாயில் சிக்கிக்கொள்ளும். அங்கே இருக்கும் ஈரத்தில் மின்சாரம் ஓடி, காரம் உண்டாகி, இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே சதையை அரிக்க ஆரம்பிக்கும். சாவிக்கு உதவாத செத்த பேட்டரியிலும் அதற்குப் போதுமான சக்தி மிச்சம் இருக்கும். ஒரு குழந்தையின் சாவுக்குப் பிறகுதான் அமெரிக்கா 2022-ல் ரீஸ் சட்டம் கொண்டுவந்து, பட்டன் பேட்டரி மூடிகளைக் குழந்தைகள் திறக்க முடியாதபடி செய்ய உத்தரவிட்டது. விழுங்கியிருக்கலாம் என்று சந்தேகம் வந்தாலே வாந்தி எடுக்க வைக்க வேண்டாம், காத்திருக்க வேண்டாம், எக்ஸ்ரே வசதி உள்ள ஆஸ்பத்திரிக்கு உடனே ஓடுங்கள். பேட்டரியாக இருக்கலாம் என்று முதல் வாக்கியத்திலேயே டாக்டரிடம் சொல்லுங்கள்.

கழற்றிய பேட்டரியின் இரண்டு பக்கமும் செல்லோ டேப் ஒட்டி, எட்டாத உயரத்தில் வைத்து, மின் கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.

இன்றைக்கே ஒரு வேலை

பேட்டரி நன்றாக இருக்கும்போதே உலோகச் சாவியை உருவி, கதவுத் துவாரத்தில் ஒருமுறை திருப்பிப் பாருங்கள். வருஷக்கணக்கில் தொடாத பூட்டு தூசி ஏறி இறுகியிருக்கும். அதைத் தெரிந்துகொள்ள நம் வீட்டு வாசலே நல்ல இடம். உதிரிப் பேட்டரியை கார் டேஷ்போர்டில் வைக்காதீர்கள். நம் வெயிலில் நிறுத்திய காருக்குள் அது சீக்கிரம் கெட்டுப்போகும். கைப்பையில் வையுங்கள்.

அப்புறம், சாவியை எங்கே காட்ட வேண்டும் என்று மேனுவலில் இருக்கும் அந்த ஒரு பக்கத்தைப் போட்டோ எடுத்து, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுங்கள். பார்க்கிங்கில் மாட்டிக்கொள்ளப் போவது நீங்களாகவே இருக்க வேண்டும் என்றில்லை. காலை வணக்கப் படங்களுக்கு நடுவே உருப்படியாக ஒன்றாவது கிடக்கட்டும்.